பனிமேட்டில் அறுவர்

ஆறு கிழவர்களும் சவப்பெட்டியைத் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர் வோகல் கடைசியாக ஒருமுறை ஹெட்டியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேளும்மா. மேடு பூரா கண்ணாடியா உறைஞ்சு கெடக்கு. வண்டி ஏறல. பெட்டி நழுவிட்டா ஊரே பாத்துக்கிட்டு நிக்கும். கீழ இருக்கற கல்லறைக் கூடத்துல வச்சிட்டு, பனி உருகினதும் பொதைக்கலாம்."

"மேல அம்மா பக்கத்துல குழி தோண்டியாச்சு. அப்பா இன்னிக்கே போகட்டும்."

பெட்டியின் முன்பக்கத்தைச் சுமந்த பர்டி திரும்பாமலே சொன்னார்: "வோகல், எவனாவது விழுந்து செத்தா அதே கூடத்துல அடுக்கிடு. எடம் இருக்குல்ல?"

ஹெட்டியின் அப்பா ஆகஸ்ட் லிண்டர்மன் அந்த ஊர்ச் சின்னக் கல்லூரியில் முப்பது வருஷம் கோச். இலையுதிர் காலத்தில், பந்தை அணைத்துக்கொண்டு முட்டிமோதும் கால்பந்து. குளிர்காலத்தில் கூடைப்பந்து. இரண்டுக்கும் அதே பையன்கள்தான்; இன்று பெட்டி சுமக்கும் ஆறு பேரும் அவர்களில் மிஞ்சியவர்கள். கூடைப்பந்துக் களம் தேவாலயத்தின் நிலவறை. நடுவே இரண்டு தூண்கள். எதிராளியை எப்படித் தூணில் மோதவிடுவது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் பேசக் கூடாது. அந்தக் காலத்து விதி அது. கோச் ஓரத்திலிருந்து கையசைத்தாலும் தண்டனை அவர் அணிக்கு. ஆகவே வாரம் முழுக்கக் கேள்வி கேட்பார்: "நீ விழுந்துட்டே. இப்ப உன் எடத்துல யாரு?" பதில் பையன்களிடமிருந்து வர வேண்டும்.

பாதி மேட்டில், இடப்பக்கம் நடுவில் வந்த க்ளென் கால் வழுக்கி விழுந்தார். பெட்டி சாய்ந்தது.

"நீ சொன்னா எறக்கிடுவாங்க. சொல்லும்மா," என்றார் வோகல்.

ஹெட்டி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இடப்பக்கம் முன்னால் இருந்தவர் பின்வாங்கி, நடுவில் தோள் கொடுத்தார். அதே கணம் வலப்பக்கம் முன்னால் இருந்த பர்டி பனியில் மண்டியிட்டார். ஏறும்போது பாரமெல்லாம் பின்னவர்கள்மேல் சரியும். முன்பக்கம் தாழ்ந்ததும் அவர்களுக்கு மூச்சு விட முடிந்தது. எழுந்த க்ளென் தன் பழைய இடத்தைத் தேடவில்லை. காலியாக இருந்த முன்மூலையில் போய் நுழைந்துகொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பர்டி எழுந்தார். பெட்டி மறுபடி ஏறியது.

உச்சியில், குழியின் குறுக்கே போட்டிருந்த பலகைகள்மேல் அலுங்காமல் இறக்கினார்கள்.

"யாருய்யா அங்க உத்தரவு போட்டது?" வோகல் மூச்சிரைக்கக் கேட்டார்.

"யாரும் போடல," என்றார் க்ளென்.

"உங்க முட்டில ரத்தம் வருது," என்றாள் ஹெட்டி, பர்டியிடம்.

"முடியட்டும்மா. அப்பறம் பாத்துக்கலாம்."

யாரும் சொல்லாமலே ஆறு பேரும் பெட்டியின் இருபுறமும் மும்மூன்றாக நின்றார்கள். பாதிரியார் புத்தகத்தைத் திறக்காமல், அவர்களுக்கு மூச்சு அடங்கட்டும் என்று காத்திருந்தார். ஆறு வாய்களிலிருந்தும் வெள்ளையாக மூச்சு எழும்பிக்கொண்டிருந்தது.