ஏழாம் அத்தியாயத்தில் ஒரு விலாசம்

கையெழுத்துப் பிரதியில் 'ஏதோ ஓர் ஊரில்', 'யாரோ ஒருவர் வீட்டில்' என்று எழுதியிருந்தால் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும். ஓரத்தில் சிவப்பு மசியால் 'எந்த ஊர்? எந்த வீடு?' என்று கிறுக்கித் திருப்பி அனுப்பிவிடுவேன். மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் நாவல் திருத்துவதுதான் என் பிழைப்பு. கரு மட்டும் வைத்திருப்பவர், பாதியில் முட்டிக்கொண்டு நிற்பவர், எழுதி முடித்துவிட்டு அச்சகத்துக்குப் போகப் பயப்படுபவர், எல்லாரும் என்னிடம் வருவார்கள். என் கைபட்ட நாவலின் முதல் பக்கத்தில் என் பெயரும் தெருவும் அச்சாக வேண்டும் என்பது என் நிபந்தனை. அத்தனை கர்வம் எனக்கு.

1934 ஆவணியில் ஒரு காலை, அத்தர் கடைக்காரர் மகள் ஜமீலுன்னிசா மூச்சிரைக்க வந்தார். நான் திருத்திய அவருடைய முதல் நாவல் கடைக்கு வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, ஏழாம் அத்தியாயத்துல அந்தப் பொண்ணு ஒளிஞ்சிருக்கிற வீட்ட அப்படியே விட்டுட்டீங்களே."

"அதுதானேம்மா புஸ்தகத்துலயே நல்ல இடம்," என்றேன்.

"அது நெசமான வீடு. மூணு தடவ எந்த வீடுன்னு கேட்டு எழுதினீங்க, உள்ளத எழுதிட்டேன். எல்லாத்தையும் மாத்துற மனுஷர், இதையும் மாத்திடுவீங்கன்னு நம்பினேன்."

கதையின் நாயகிக்கு மூலமாக ரத்னா என்று உண்மையிலேயே ஒருத்தி இருந்தாள். புருஷன் சூடு போட்டதில் சைதாப்பேட்டைக் குடிசையை விட்டு ஓடிவந்தவள். அடையாற்றில் ஆரோக்கியமேரி என்ற சலவைக்காரியின் வீட்டில் அவளை ஒளித்துவைத்திருந்தார் ஜமீலுன்னிசா. ஆட்களின் பெயரையெல்லாம் மாற்றியவர், அந்த வீட்டை மட்டும் வாசல் வேப்பமரம் முதற்கொண்டு உள்ளபடி எழுதியிருந்தார். நானோ கற்பனை என்று நினைத்து ஓரத்தில் 'பேஷ்' போட்டிருந்தேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ரத்னாவை வேறிடம் மாற்ற அவர் ஜட்கா பிடித்துக்கொண்டு கிளம்பினார். கடைகளில் மிச்சமிருக்கும் பிரதிகளை அள்ளிவர நான் சட்டையை மாட்டினேன். வாசலில் ஓர் ஆள் நின்றான். அவன் கையில் அந்தப் புத்தகம் இருந்தது.

"வாத்யாரே, இதுல உன் பேரும் தெருவும் கீதாமே. நான் சின்னப்பையன். சைதாப்பேட்ட."

ரத்னாவின் புருஷன்! அவன் உள்ளே வந்து புத்தகத்தை என் கையில் திணித்தான்.

"பார்பர் கபாலி ஆறு அத்தியாயம் படிச்சான். தோள்ல கரண்டிச் சூடு, அது இதுன்னு எல்லாம் என் வூட்டுக் கத. அவ எங்க போனான்னு வர்ற நேரத்துல கடைல கூட்டம் வந்துட்ச்சி. எனுக்குப் படிக்கத் தெரியாது. மீதிய நீ படி."

கதவை மறித்து உட்கார்ந்துகொண்டான். ஜமீலுன்னிசா அடையாறு போய்ச் சேர இன்னும் அரை மணி நேரமாவது ஆகும்.

ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தேன். 'பாலத்தைத் தாண்டி வலப்பக்கம், வேப்பமரத்து வீடு' என்று கண்ணெதிரே அச்சாகியிருந்தது. என் வாய் வேறு படித்தது. "அவள் விடியுமுன் துறைமுகத்துக்குப் போனாள். ரங்கூன் கப்பலின் அடித்தட்டில் இரண்டு கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு கிழவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்." பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டுமே. கண்ணை வரிவரியாக நகர்த்தினேன். பக்கத்தைப் புரட்டினேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறுக்கா படி."

ஒரு சொல் மாறினாலும் தொலைந்தேன். துறைமுகம், அடித்தட்டு, இரண்டு மூட்டை, கிழவர், வெற்றிலை. எல்லாவற்றையும் அதே வரிசையில் சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"கப்பலேறிட்டாளா," என்றான். பிறகு கையை நீட்டினான். "புஸ்தகத்தக் குடு. அவ கத, என்கிட்டயே இருக்கட்டும்."

கொடுத்தால் சாயங்காலமே கபாலி உள்ளதைப் படித்துவிடுவான். கொடுக்காவிட்டால் சந்தேகம் வரும். கடைசியில் தொழில்புத்திதான் கைகொடுத்தது.

"இதுல ஏதாவது விட்டுப்போச்சா, சொல்லு. மறுபடி அச்சடிக்கும்போது சேத்துடுறேன். ஆனா அதுக்கு இந்தப் புஸ்தகம் என்கிட்ட இருக்கணும்."

நீட்டிய கை அப்படியே நின்றது.

"நான் அடிச்சத மட்டும் எழுதிக்கீறாங்க. சூடு வெச்ச அன்னிக்கு, ராவெல்லாம் அவ காலப் புட்சிக்கினு அழுதேன். அத்தக் காணோம். அத்தப் போடு."

அவன் சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதிப் புத்தகத்துக்குள் செருகினேன். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. புத்தகத்தை என்னிடமே விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

பகலெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கிப் பிரதிகளைச் சேர்த்துவிட்டு, மாலையில் ராயப்பேட்டைக்குப் போனேன். அங்கே தன் உறவினர் வீட்டில்தான் ரத்னாவைக் கொண்டுவந்து வைத்திருந்தார் ஜமீலுன்னிசா. முதலில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினேன். பொய் சொல்வானேன், எனக்கு அவன்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்திருந்தது.

ரத்னா கடைசிவரை கேட்டாள்.

"நெசந்தான் ஐயா. அழுதுச்சு," என்றாள். "காலைல எழுந்து, என்னியே அழ வெச்சிட்டியான்னு மறுக்கா கரண்டிய அடுப்புல வெச்சுது. அத்தையும் சேத்துக்குங்க."