முப்பது மீட்டர்

அக்கா விட்ட அறையில் தம்பியின் உதடு கிழிந்தது. சவப்பெட்டியைத் தூக்கக் குனிந்தவன் அப்படியே நிமிர்ந்து நின்றான். அவள் மறுபடியும் கை ஓங்கினாள். யாரும் தடுக்கவில்லை.

"தொடாதே அவரை! கொளுத்திப் போட்டதே நீதானேடா?"

"ஆமாக்கா. அடி. இன்னும் அடி."

கை ஓயும்வரை அடித்தாள்.

அவள் கணவர் நெடுஞ்சாலை அலுவலகத்தில் திட்டப் பொறியாளர். ஊர் நடுவே போகும் சாலையை முப்பது மீட்டராக விரித்து, பழைய பாலத்தை இடித்துக் கட்ட வேண்டும். இரண்டு வருஷமாக அவருக்கு அதே சிந்தனை. அவர் போட்ட கோட்டில் மச்சினனின் வெல்டிங் பட்டறையும் அகப்பட்டது.

"ரெண்டே மீட்டர் தள்ளிப் போடுங்க மாமா" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"உனக்குத் தள்ளினா எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம் போயிடும்டா. எங்க வீட்டு அடுப்படியே போகுது, நான் யார்கிட்டப் போய்க் கெஞ்ச?" என்றார் அவர்.

நேற்றுக் காலை பள்ளி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். அவர் வரைபடத்தை மாட்டியதும் தம்பிதான் முதலில் எழுந்தான். "மச்சினன் வயித்துலயே அடிக்கிற ஆளு உங்களை மட்டும் விட்டுவைப்பாரா?"

அவ்வளவுதான். பத்துப் பேர் மேடையேறினார்கள். சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். எவனோ இரும்பு நாற்காலியை மடக்கி அவர் தலையில் இறக்கினான். அந்தச் சத்தம் பின்வரிசையில் இருந்த அக்காவுக்கே கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, அவர்மேல் கவிழ்ந்து, மிச்ச அடியை முதுகில் வாங்கியவனும் தம்பிதான்.

ஆம்புலன்ஸ் பாலத்தில் மாட்டிக்கொண்டது. முன்னும் பின்னும் லாரிகள். தம்பி இறங்கி ஓடி, வண்டி வண்டியாகக் கண்ணாடியில் குத்தினான். "ஒதுங்குங்கடா!" ஒதுங்க இடம் ஏது? முக்கால் மணி நேரம். பாலத்தின் மேலேயே அவர் மூச்சு அடங்கியது.

இப்போது தோள் கொடுக்க மூன்று பேர்தான் இருந்தார்கள். அலுவலகத்தில் இருந்து பயந்துகொண்டு ஒருவரும் வரவில்லை.

"நாலாவது ஆள் வேணும்மா" என்றார் கணவரின் அண்ணன், தயங்கித் தயங்கி.

அவள் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. வாசற்படியை விட்டு விலகி நின்றாள். அவன் வாயில் கசிந்த ரத்தத்தைச் சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டு குனிந்தான்.

அவர்கள் தெருமுனை திரும்பியபின் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்தாள். மேடையேறிய பத்துப் பேரில் அவள் புருஷனும் ஒருவன். காலையில்தான் போலீஸ் இழுத்துப் போயிருந்தது. சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.

"இன்னிக்குக் கேக்கக் கூடாதுதான்... அந்தக் கோடு எங்க வீட்டு மேலயும் போகுதாக்கா?"

அக்கா அலமாரி மேலிருந்த வரைபடச் சுருளை எடுத்து மேசையில் விரித்தாள். தாள் மறுபடி மறுபடி சுருண்டுகொண்டது. ஒரு ஓரத்தை அவள் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள். மறு ஓரத்தைப் பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள்.