பின்னால் போகாத பேருந்து

முதல் கல் கண்ணாடியை உடைத்தபோது ஓட்டுநர் இலாரியேயின் கை தானாகவே கியருக்குப் போனது. பயிற்சியாளர் கோர்னெல் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ரிவர்ஸ் மட்டும் வேணாம்ண்ணே."

கால்பந்து ஆட்டத்துக்குப் போகிற பேருந்து பின்னால் நகரக் கூடாது, நகர்ந்தால் அபசகுனம். ருமேனியாவில் முக்கால்வாசிப் பயிற்சியாளர்கள் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கோர்னெல் இன்னும் ஒரு படி மேல். நடுக்கள ஆட்டக்காரராக இருந்த காலத்தில் ஒருநாள் விடுதி வாசலில் வண்டி பின்னால் போனது. அன்று மாலையே அவர் முழங்கால் முறிந்தது, ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், களத்தில் அவர் பிழைப்பே பந்தைப் பத்திரமாகப் பின்னால் தட்டிவிடுவதுதான். 'பின்பாஸ் கோர்னெல்' என்று நாடே கேலி பேசியது. இன்று தோற்றால் அவருடைய அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். நிலக்கரிச் சுரங்கம் மூடிப்போன ஊர் அது, அணியையும் மூடிவிடுவார்கள். அவரை வேறு யாரும் வேலைக்குக் கூப்பிடவும் போவதில்லை.

மைதானத்துக்குப் போகும் சந்தில் ஒரு வண்டிதான் நுழையும். அதை அடைத்துக்கொண்டு எதிரணி ரசிகர்கள் நின்றார்கள். முகத்தில் துணி, கையில் இரும்புக் குழாய்.

அடுத்த கல் கேப்டன் யூஸ்டினின் நெற்றியைப் பிளந்தது.

"மிஸ்டர், கண்ணு தெரியல மிஸ்டர்!" பயிற்சியாளரை அங்கே பையன்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ரத்தம்டா அது, தொடச்சுக்க. எல்லாரும் கீழ படுங்க!"

சொன்ன பிறகு கோர்னெலுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ரிவர்ஸ் போடச் சொல்ல வாய் வரவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். பேசி வழி வாங்கிவிடலாம் என்று நம்பினார், பாவம்.

"டேய், நம்ம பின்பாஸுடா! வயசான காலத்துல முன்னால வரக் கத்துக்கிட்டாரு!"

சிரிப்பு அடங்குவதற்குள் குழாய் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவர் காதுக்கே கேட்டது. அடுத்த அடி வாயில். மண்டியிட்டவரின் விலாவில் பூட்ஸ் கால்கள் மாறி மாறி விழுந்தன. ஒருவன் எரிகிற மத்தாப்புக் குழலை உடைந்த ஜன்னல் வழியே பேருந்துக்குள் எறிந்தான். உள்ளே பையன்கள் அலறினார்கள். அந்த அலறலில் முழங்கால், வேலை, கீழ்ப்பிரிவு எல்லாமே அவருக்கு மறந்துபோயின.

"பின்னால எடுங்கண்ணே!" பல்லும் ரத்தமுமாகத் துப்பிக்கொண்டு கத்தினார்.

"உங்கள விட்டுட்டா? மொதல்ல ஏறுங்க!"

"யோவ், எடுய்யா! புள்ளைங்க வெந்துருவானுங்க!"

வண்டி பின்னால் நகர்ந்தது. குழாய்க்காரன் அதைத் துரத்தினான். நடுக்கள ஆட்டக்காரனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எதிராளி பந்தோடு தப்பித்து ஓடினால், நடுவர் எந்த அட்டையைக் காட்டினாலும் சரி என்று அவனைச் சாய்த்துவிட வேண்டும். கோர்னெல் கிடந்த இடத்திலிருந்தே காலை நீட்டினார். அவன் குப்புற விழுந்தான். ஊர்ந்துபோய், முறியாத கையால் அவன் கணுக்காலைக் கட்டிக்கொண்டார். மற்றவர்கள் பேருந்தை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். சந்தின் முனையில் வண்டி, ஜன்னலெல்லாம் புகையாக, இன்னும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.