எட்டரை மணி அளவு

தெற்குக் கடைசித் தீவில், கேம்பல் பேயில் குழந்தைவேலுவின் வேலை, நாள்தோறும் காற்றின் அழுத்தத்தை அளந்து போர்ட் பிளேருக்கு ஒயர்லெஸ்ஸில் சொல்வது. தகரக் கட்டடம் ஒன்றின் பாதியில் அலுவலகம். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவரும் மனைவி ஜெயமணியும் குடியிருந்தார்கள். 1972 மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குப் பாரோமீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டவர், பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். முந்தின நாளைவிட ஒன்றரை மில்லிபார் குறைந்திருந்தது.

வடக்கே இது பெரிய விஷயமில்லை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், புயல் சின்னம் இல்லாமல் ஒரே நாளில் அத்தனை குறையாது. அவர் வெளியே வந்து பார்த்தார். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை.

ஒன்பது மணிக்கு லாஞ்ச் ஓட்டும் சேக் தாவூத் வந்தார். கீழக்கரைக்காரர். குழந்தைவேலு சொல்லாமல் நங்கூரம் எடுக்கமாட்டார்.

"என்ன சார், மௌசம் எப்படி? பன்னீர்செல்வம் சம்சாரத்த நான்கவுரித் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். எட்டு மாசம். காலெல்லாம் வீங்கி, கண்ணு மங்குதுங்குது. கம்பவுண்டர் இங்க வச்சுக்க வேணாம்னுட்டாரு."

குழந்தைவேலு பதிவேட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"இன்னைக்கு வேணாம் பாய். அழுத்தம் விழுந்திருக்கு. ஒரு நாள் பொறுங்க."

மதியம் இரண்டரை மணிக்கு அளந்தபோது வழக்கமான அளவே வந்தது. செவ்வாய் காலை மறுபடி அதே ஒன்றரை குறைவு. காலையில் கூடி மாலையில் இறங்குவதுதான் இந்தக் கடலின் இயல்பு. இப்போது காலையும் மதியமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. போர்ட் பிளேரிலிருந்து கேள்வி வந்தது: உங்கள் காலை அளவு மட்டும் பக்கத்துத் தீவுகளோடு ஒட்டவில்லை, சரிபார்க்கவும். அவர் சரிபார்த்தார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. கண்ணில்தான் கோளாறோ என்று கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். எதை நம்புவது என்றே தெரியவில்லை. அன்றும் லாஞ்ச் போகவில்லை.

புதன் காலையும் அதே. பன்னீர்செல்வமே வந்து வாசலில் நின்றார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து, நிலம் வாங்கிக் குடியேறியவர்.

"சார், அன்னம்மாளுக்கு ராத்திரியெல்லாம் தலைவலி. புயல் வருமா வராதா, ஒண்ணு சொல்லுங்க."

"தெரியல" என்றார் குழந்தைவேலு. அந்த வேலைக்கு வந்தபிறகு அவர் அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை.

பன்னீர்செல்வம் போனபின் பத்து நாள் பதிவுகளை விரித்து வைத்து, கணக்குப் போட்ட எண்களை விட்டுவிட்டு, பாதரசம் நின்ற உயரத்தை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஆயிரத்துப் பதினாலு புள்ளி ஆறு. ஐந்து. ஆறு. திங்கள், செவ்வாய், புதன் காலையிலும் ஆறு, ஏழு. பாதரசம் இறங்கவே இல்லை.

மாறியிருந்தது வேறொரு எண். சூட்டில் பாதரசம் விரிந்து, உள்ளதைவிட உயரமாக நிற்கும். அதனால் பாரோமீட்டரோடு பொருத்திய சின்னத் தெர்மாமீட்டரைப் பார்த்து, அட்டவணைப்படி சூட்டின் பங்கைக் கழிக்க வேண்டும். முன்பெல்லாம் இருபத்தெட்டு டிகிரி. இந்த மூன்று காலையும் முப்பத்தெட்டு. தகர அறை, மே மாதம் என்று அவர் யோசிக்காமல் எழுதிக் கழித்திருந்தார்.

அறை அவ்வளவு சுடவில்லையே என்று தெர்மாமீட்டருக்குப் பின்னால் தகரத்தில் கை வைத்தவர், சுரீரென்று இழுத்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் ஓடினார். ஜெயமணி கஞ்சி இறக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு தடுப்பை ஒட்டி இருந்தது.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"நீங்கதான சொன்னீங்க, கடல் காத்துல அடுப்பு அணைஞ்சு கஞ்சி நேரமாவுதுன்னு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தள்ளிப் போட்டேன். என்ன ஆச்சு?"

அவர் தண்ணீரை எடுத்து அடுப்பில் ஊற்றினார். காலைக் கஞ்சி வேகும் நேரத்தில் மட்டும் அடுப்பின் சூடு தெர்மாமீட்டரை எட்டியிருந்தது. மேலே இருந்த பாதரசத்தை அந்த அளவுக்கு எட்டவில்லை. இல்லாத சூட்டை அவர் மூன்று நாளாக ஒழுங்காகக் கழித்திருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து அளந்தார். இருபத்தொன்பது. அழுத்தம் வழக்கமான ஆயிரத்துப் பத்து.

அவர் படகுத்துறைக்கு ஓடினார். அங்கே தாவூதும் பன்னீர்செல்வமும் இருந்தார்கள். கிளம்பச் சொன்னால் ஏற்றுவதற்காகத் தூக்கி வந்திருந்த அன்னம்மாள் கயிற்றுக் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"புயல் இல்ல. என் வீட்டு அடுப்பு. நீங்க கிளம்பலாம்."

"அடுப்பா?" என்றார் பன்னீர்செல்வம்.

அவர் விளக்கினார். பாதி சொல்லும்போதே தம் பேச்சு தமக்கே நம்பும்படி இல்லை என்று பட்டது.

தாவூத் மெதுவாகக் கேட்டார்: "சார், ரெண்டு நாளா போகாதன்னீங்க. இப்ப போங்கிறீங்க. எது கட்பட், எது சரி? நடுவுல பெரிய கடல் இருக்கு. நீங்க ஏறுவீங்களா?"

குழந்தைவேலுவுக்குத் தெரியும்: பணியிடத்தை விட்டுப் போவது குற்றம். பின்னாலேயே வந்திருந்த ஜெயமணியிடம் திரும்பினார்.

"ரெண்டரைக்கு நீ பாரு. முதல்ல தெர்மாமீட்டர், அப்புறம் பாதரசம். எழுதி ஒயர்லெஸ் ஆபீஸ்ல குடு."

"பாத்துக்கறேன். போங்க" என்றாள்.

வழியெல்லாம் அவர் லாஞ்சின் முனையில் உட்கார்ந்து தென்மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன மேகம் தெரிந்தாலும் எழுந்து நின்றார். கடல் கடைசிவரை அசையவில்லை. மறுநாள் விடியற்காலையில் அன்னம்மாளுக்கு வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள்.

"ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா?" என்று குழந்தைவேலு டாக்டரிடம் கேட்டார்.

"சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "அப்பவும் கிழிச்சிருக்கலாம். கிழிக்காமலும் இருந்திருக்கலாம்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தனியாக உட்கார்ந்தார். இந்தப் பெண்ணை வதைத்தவர் தாமா, கரை சேர்த்தவர் தாமா என்று எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விடை ஒன்றாக வரவில்லை. பன்னீர்செல்வம் இரண்டு கிளாஸ் டீ கொண்டுவந்து ஒன்றை அவரிடம் நீட்டினார். திட்டுவார் என்று குழந்தைவேலு எதிர்பார்த்தார். நன்றி சொல்வாரோ என்றும் நினைத்தார். அந்த மனிதர் இரண்டும் செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து டீயை ஆற்றத் தொடங்கினார்.