தொள்ளாயிரத்து அறுபது ஸ்பிரிங்

1

இது என் கற்பனையில் உதித்த கதை இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னது. கை காயக் காயச் சொன்னாள். நானும் கை கழுவாமல் கேட்டேன். அவள் ஒரு பெரிய கம்பெனியின் பில் செக்‌ஷனில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள்.

முதல் தொடக்கம்: பணம் என்பது ஒரு நதி, அதன் கரையில் என் அக்கா—

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "நதியாம்! நாங்க பில்லு பாக்குறோம்டா, படகா ஓட்டுறோம்?"

சரி, அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.

2

இரண்டாம் தொடக்கம், அவள் சொன்னபடியே.

அந்தக் கம்பெனிக்கு மாதம் நாற்பதாயிரம் பில் வருகிறது. அட்டைப்பெட்டி செய்தவர், திருகாணி கொடுத்தவர், ஜன்னல் துடைத்தவர் என்று எல்லோருடையதும். கம்ப்யூட்டர் ஒவ்வொரு பில்லுக்கும் மூன்றை ஒப்பிட்டுப் பார்க்கும்: கம்பெனி கேட்டது எவ்வளவு, வந்து இறங்கியது எவ்வளவு, அவர் காசு கேட்பது எவ்வளவுக்கு. மூன்றும் ஒத்துப்போனால் பச்சை. சொன்ன தேதியில் பணம் தானாகப் போய்விடும். ஒரு மனிதக் கை படாது. ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. சிவப்பு மட்டும்தான் அக்காவிடம் வரும்.

(நாற்பதாயிரம் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். முகம் பார்த்திராத இத்தனை பேர் ஒரு சொல்லை நம்பிப் பொருளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். எனக்கோ தெருமுனைக் கடைக்காரர்கூடக் கடன் தருவதில்லை.)

3

ஏழு பேரை வைத்து ஸ்பிரிங் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர். தொள்ளாயிரத்து அறுபது ஸ்பிரிங் அனுப்பியிருந்தார். பணம் தரவேண்டிய கெடுவும் தாண்டி, பில் எழுபத்தொரு நாளாகச் சிவப்பு. செவ்வாய்க்கிழமை தவறாமல் போன் செய்வார்.

"மேடம், வணக்கம். நம்ம பில்லு பச்சையாச்சுங்களா?"

"இல்லைங்க. பொருள் வந்ததா பதிவே இல்லைன்னு காட்டுது. குடோனுக்கு எழுதிக் கேட்டிருக்கேன்."

"நானே வண்டியில வந்து இறக்கினேங்களே."

[இங்கே அவரைக் கத்தவிட்டுப் பார்த்தேன். வசனம் பிரமாதமாக வந்தது. "அவர் ஒரு தடவைகூட கத்தினதில்லடா. கத்தியிருந்தா நான் எழுந்தே போயிருக்க மாட்டேன்" என்றாள் அக்கா. அந்த வசனத்தை அடித்துவிட்டேன்.]

எழுபத்தோராம் நாள் அவர் பில்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. "பட்டறையில ரெண்டு பேரை இனிமே வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டேங்க. உங்களைக் குறை சொல்லல மேடம். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு."

அக்கா போனை வைத்துவிட்டு எழுந்தாள்.

4

அலுவலகத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓர் இரும்புக் கதவு. பதினோரு வருடத்தில் அவள் அதைத் தாண்டியதில்லை. யாரிடமோ தலைக்கவசம் இரவல் வாங்கிக்கொண்டு தாண்டினாள்.

குடோன்காரர் வாசல் நோட்டைப் புரட்டினார். "வண்டி உள்ள வந்திருக்கும்மா. ஆனா பொருள் என் கண்ணுல படல. பாக்காததுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவரையும் அழைத்துக்கொண்டு மெஷின் மேஸ்திரியிடம் போனாள்.

"ஸ்பிரிங்கா? அன்னிக்கு மெஷின் நின்னு கெடந்துச்சு. வண்டியிலேருந்து நேரா தூக்கிட்டு வந்து மாட்டிட்டோம். அதோ, ஓடுது பாருங்க."

நான்கு மெஷின்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. ஒவ்வொன்றிலும் சுற்றிச் சுற்றி வரும் நூற்றிருபது குழாய்கள் புட்டிகளின் வாயில் இறங்கி, நிரப்பி, எழும்பின. ஒவ்வொரு குழாயிலும் இரண்டு ஸ்பிரிங் அழுந்தி விரிந்தது. எழுபத்தொரு நாளாக இப்படித்தான். வரவே இல்லை என்று திரை சொன்ன பொருள் லட்சக்கணக்கான புட்டிகளை நிரப்பி அனுப்பிவிட்டிருந்தது. அக்கா மெஷினைச் சுற்றியிருந்த தடுப்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்தாள். அதிர்வு தோள்வரை ஏறியது.

இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று எழுதியிருந்தேன்.

"அழல. வாயப் பொளந்துக்கிட்டு நின்னேன். அப்படியே எழுது."

5

இரண்டு மணிக்குக் கழுவுவதற்காக மெஷின்களை நிறுத்துவார்கள். அந்த நாற்பது நிமிடத்தில் மூன்று பேரும் டார்ச் அடித்து எண்ணினார்கள். தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. இரண்டு இடத்தில் பழைய ஸ்பிரிங்கே இருந்தது. புதியது இரண்டு எங்கே போனதென்று மேஸ்திரிக்கும் தெரியவில்லை.

"ரெண்டுதானேண்ணே. அறுபதுன்னே போட்டுடுங்களேன்."

"பாத்தது எவ்வளவோ அவ்வளவுதாம்மா."

குடோன்காரர் ஐம்பத்தெட்டு என்றே பதிந்தார். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் மறுபடியும் சிவப்பு. பட்டறைக்காரர் புதுப் பில் போட வேண்டும். நாட்கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே அக்கா மேசைக்குத் திரும்பித் திரையைத் திறந்தாள்.

பச்சை.

கம்ப்யூட்டர் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அது ஒண்ணுமில்லக்கா. நூத்துக்கு அரை வரைக்கும், உங்க பில்லுல நாலு வரைக்கும், வித்தியாசம் இருந்தா விட்டுடும். ஆரம்பத்துலேருந்தே அப்படித்தான்."

யாரோ ஒருவர், இந்தக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நாளில், மனிதர்கள் எண்ணினால் ஒன்றிரண்டு தவறத்தான் செய்யும் என்று நினைத்திருக்கிறார். பொறுத்துக்கொள்ளவும் சொல்லிவைத்திருக்கிறார். பொறுத்துக்கொண்ட பில் எதுவும் அக்காவின் மேசைக்கு வந்ததில்லை. அதனால் இத்தனை வருடமாக அவளுக்குத் தெரியவே இல்லை.

"எத்தனை ஆயிரம் பேரை அது சத்தமில்லாம விட்டிருக்கும்டா!" என்றாள். சொல்லும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

6

மறுநாளே பணம் போய்விட்டது. அந்த இரண்டு பேர் வேலைக்குத் திரும்பினார்களா? மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் வருகிறார்கள். இன்னொன்றில் ஒருவர் அதற்குள் வேறு இடம் போய்விட்டார். மூன்றாவதில் பட்டறைக்காரர் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று—

"தெரியாததை ஏன்டா எழுதுற?"

"நீதான் கேட்டிருக்கலாமே."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்குறது? காசு கொடுத்துட்டுக் கணக்குக் கேக்குறாங்கன்னு நினைக்க மாட்டாரா?"

சொன்னாளே தவிர, நான் இந்த வரியை எழுதும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறாள். அந்தப் பக்கம் மணி அடிப்பது எனக்கே கேட்கிறது.

"வணக்கங்க. நான்தான், பில் செக்‌ஷன்லேருந்து... இல்லைங்க, பில்லு விஷயம் இல்ல."

பிறகு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒட்டுக்கேட்க நான் எழுந்து போகப்போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் கதவோரம் நில்லுங்கள்.