சரிவுக்கு ஏற்ற வண்டி

மினி லாரியின் பின்பலகையைச் சாய்த்து, அதன் மேல் டிராக்டரை மெல்ல உருட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்த கலைமதி சத்தம் கேட்டு வடிகட்டியோடு வாசலுக்கு வந்தாள். அவளைக் கேட்காமல் இந்த வீட்டுக்குள் ஒரு தீப்பெட்டிகூட வந்ததில்லை. இப்போது சிவப்பாக ஒரு டிராக்டரே வந்து நிற்கிறது.

வேப்பமரத்து நிழலில் கட்டிலில் படுத்திருந்த திருமுருகன் தலையை மட்டும் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

"நான்தான் வரச் சொன்னேன். டெமோ. ஓட்டிப் பாக்குறதுக்குக் காசு இல்ல."

மகள் காவ்யாவின் போனிலிருந்து ஷோரூமுக்குப் பேசியிருக்கிறார். சென்னையில் வேலை பார்க்கிறவள், அப்பாவுக்காக லீவு போட்டு வந்திருப்பவள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் விசிறியை வேகமாக வீசிக்கொண்டிருந்தாள். ஆக, அவளும் உடந்தை. கலைமதிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த வடிகட்டியிலிருந்து கஞ்சி காலில் சொட்டியது தெரியவில்லை.

கணையத்தில் கட்டி. இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருச்சி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் வலி கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொள்ளும், அந்த இடத்தில் கனவு வந்து உட்காரும். அவருடைய கனவெல்லாம் டிராக்டர்தான். ஒருநாள் வீட்டைவிடப் பெரிய டிராக்டர் ஒன்று வந்ததாம், ஏணி வைத்து ஏறியும் ஸ்டீயரிங் கைக்கு எட்டவில்லையாம். இன்னொரு நாள் சட்டைப் பைக்குள் அடங்குகிற டிராக்டர். பையை எட்டிப் பார்த்தால் உள்ளே அது உழுதுகொண்டிருக்கிறதாம். நேற்று ஒன்று நார்த்தாமலைப் பாறை மேல் தானாக ஏறிப்போய், உச்சியில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது என்றார். "ஆள் இல்லாமயா?" என்று காவ்யா கேட்டாள். ஆள் இருந்தது, முகம் தெரியவில்லை, சேலை கட்டியிருந்தது என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர்களுடைய நிலம் அந்தப் பாறைகளின் காலடியில், வீட்டுக்குப் பின்னாலிருந்தே சரிந்து ஏறுவது. சிங்கப்பூரில் கிரேன் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய திருமுருகன், யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய இந்தச் சரிவைத் தேடிப்பிடித்து வாங்கினார். வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று ஊரே சிரித்தது. கல்வரப்பு கட்டி, படிகளாகத் துண்டு பிரித்து, கீழே கடலையும் மேலே முந்திரியும் வைத்து, சிரித்தவர்களையே களையெடுக்கக் கூப்பிட்டார்கள் புருஷனும் பெண்டாட்டியும்.

உழவுக்குத்தான் வழியில்லை. அன்னவாசலிலிருந்து வாடகை டிராக்டர் வரவேண்டும். வருகிற டிரைவர் வண்டியை நிறுத்திச் சரிவை ஒரு பார்வை பார்ப்பான், உடனே அவனுக்கு வேறெங்கோ அவசர வேலை ஞாபகம் வரும். கெஞ்சிக் கூத்தாடி மேலே ஏற்றினால், பெரிய வண்டி திரும்ப இடமில்லாமல் கல்வரப்பை இடித்துவிட்டுப் போகும். மழை பெய்து ஈரம் இருக்கும்போது யாரும் வரமாட்டார்கள், காய்ந்த பிறகு வருவார்கள். சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்ற பேச்சு அப்படித்தான் தொடங்கியது. ரொம்பப் பெரிசு என்றால் திரும்பாது. ரொம்பச் சிறிசு என்றால் கலப்பையின் கனத்தில் மேட்டில் முன்சக்கரம் தூக்கிவிடும். அகலம் குறைந்தால் கவிழும், கூடினால் துண்டுக்குள் நுழையாது. இப்படிப் பேசிப் பேசியே அவர்களுக்கு இரண்டு மழைக்காலம் போனது.

அவர் படுத்த பிறகு ஒருநாள், காவ்யாவின் போனில் வண்டிப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஒனக்குக் கால் எட்டணும்ல, கிளட்ச்சுக்கு" என்றார். கலைமதி அப்போது தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. இவ்வளவு நாளும் ஓட்டப்போவது அவர் என்றல்லவா பேச்சு.

அன்றிலிருந்து அவளுக்கு எந்த டிராக்டரும் பிடிக்கவில்லை. ஒன்றுக்கு டயர் பட்டை சரியில்லை என்றாள். ஒன்றுக்கு உதிரி சாமான் புதுக்கோட்டையில் கிடைக்காது என்றாள். ஒன்றின் நிறமே சகிக்கவில்லை என்றாள். அவர் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக்கொண்டே இருந்தார், அவள் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். வண்டி முடிவாகிவிட்டால் இங்கே அவருக்கு வேறு வேலை இல்லை. முடிவாகாதவரை போகமாட்டார், அந்த மனுஷனுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. சரி என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பதுதான் தன் கையில் இருக்கும் கடைசி வைத்தியம் என்று கலைமதி முழுசாக நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

ஷோரூம் பையன் சந்தோஷ் வண்டியைச் சுற்றிவந்து விவரம் சொன்னான். திருமுருகனின் அண்ணன் உடையப்பன், நோயாளி கேட்டான் என்று வண்டியை ஏற்றிக்கொண்டு வருவதா என்று அவனைக் கடிந்துகொண்டார். தம்பிக்குப் பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விடுவதுதான் முறை, பெண்பிள்ளை தனியாக என்ன செய்யும் என்பது அவருடைய கட்சி. திருமுருகன் அண்ணனைக் கவனிக்கவே இல்லை.

"ஏறு கலை. நேரா மேட்டப் பாத்து ஏறு, குறுக்க போகாத. எறங்கையில கிளட்ச்ச மிதிக்காத, கியர்லயே விடு."

பிறந்த வீட்டில் சமவெளியில் அண்ணன் டிராக்டரை ஓட்டியவள்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். கால் எட்டியது. நன்றாகவே எட்டியது. அவளுக்கு அழுகை வந்தது.

இரவெல்லாம் மழை பெய்து வெளுத்திருந்த காலை. வண்டி முனகாமல் முதல் துண்டைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. வரப்போரம் ஒடித்துத் திருப்பினாள், ஒரு கல்கூட அசையவில்லை. முந்திரிக் கிளைகளுக்கு அடியில் குனிந்துகொண்டே போனாள். இலைகளில் தங்கியிருந்த தண்ணீர் தோளில் விழுந்தது. உடம்புக்குக் கனமே இல்லாததுபோல் இருந்தது. தான் ஓட்டுகிறோமா, அவருடைய மாத்திரைக் கனவுக்குள் யாரோ ஓட்டுவதைப் பார்க்கிறோமா என்று கொஞ்ச நேரம் பிரித்தறிய முடியவில்லை.

மேல் துண்டில் இஞ்சினை நிறுத்தினாள். நனைந்த பாறை வெயிலில் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. கீழே வீடு, வேப்பமரம், கட்டில் எல்லாம் சின்னதாகத் தெரிந்தன. காவ்யாவின் விசிறி அசைவது தெரிந்தது. சத்தம் ஒன்றும் ஏறி வரவில்லை. இங்கேயே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. தான் இறங்காதவரை கீழே எதுவும் நடக்காது. அந்த விசிறி அசைந்துகொண்டே இருக்கும், அவர் மேட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். அங்கிருந்து அவர் கை தூக்குவதுபோல் தெரிந்தது. ஈ விரட்டினாரோ என்னவோ, அவளைக் கூப்பிட்டதாக எடுத்துக்கொண்டு கியரிலேயே மெல்ல இறக்கினாள்.

"எப்டி?" என்றார்.

"சீட்டு ஒசரம். கால் எட்டல."

காவ்யாவின் விசிறி நின்றது. பெடலில் அம்மாவின் கால் அழுந்தியிருந்ததை எல்லோரும்தான் பார்த்திருந்தார்கள். திருமுருகன் மனைவியை நெடுநேரம் பார்த்தார். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

"எட்டலயா. சரி, வேற பாப்போம்."

அதற்குப் பிறகு அவர் தெளிவாக எதுவும் பேசவில்லை. சந்தோஷ் வண்டியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனான். பொழுது சாயும்போது மூச்சு மாறியது. கட்டிலை உள்ளே தூக்கிப் போட்டார்கள். சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

விடிந்தும் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு முழுதாக எழுந்து விழுந்தது. பார்க்கச் சகிக்காமல் காவ்யா அடிக்கடி கொல்லைப்பக்கம் போய்வந்தாள். உடையப்பன் கலைமதியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மண்ணாச தடுக்குது ஆத்தா. பாத்துப் பாத்து வாங்குன மண்ணுல்ல. ஒரு சிட்டிக கரைச்சு ஊத்திருவோம்."

அவரே போய் மேட்டிலிருந்து மண் எடுத்துவந்தார். பாலில் கரைத்து, வடிகட்டி, சங்கில் ஊற்றினார்கள். புரையேறிவிடும் என்று காவ்யா குறுக்கே நின்றாள். கடைசியில் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவுவது என்று சமாதானமானது. ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் பொன்னாசை என்று ஒருத்தி சொன்னாள். சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்த மோதிரத்தைக் கல்லில் உரைத்து அதையும் தடவினார்கள். பரோட்டா என்றால் உயிராச்சே என்று வாசலில் இன்னொருத்தி யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரோரம் சாய்ந்திருந்த கலைமதிக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது. மண்ணைக் கரைக்கலாம், பொன்னை உரைக்கலாம். டிராக்டரை யார் கரைத்து ஊற்றுவது?

அவளுக்குத் தெரியும். எதற்காக இழுத்துக்கொண்டு கிடக்கிறார் என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவரைப் பிடித்து வைத்திருப்பது தான்தான், அதுவும் வலியோடு பிடித்து வைத்திருக்கிறோம் என்பது அந்தக் காலையில்தான் உறைத்தது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரே ஒரு நாள் என்று மனசு கெஞ்சியது. அவருடைய நெஞ்சு எழுந்து விழுந்ததைப் பார்த்தாள். எல்லோரையும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னாள்.

உதட்டில் ஒட்டியிருந்த செம்மண்ணை முந்தானையால் துடைத்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, கால் எட்டுச்சு. நல்லா எட்டுச்சு. அந்தச் சின்ன வண்டியே போதும். அதயே எடுத்துக்கிறேன்."

மூச்சு அதேபோல் போய்வந்தது. கேட்டதா இல்லையா தெரியவில்லை. விவரமாகச் சொன்னால்தான் அவருக்குத் திருப்தியாகும். அவள் நேற்று ஓட்டியதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். கீழ்த் துண்டில் ஈரம் இருந்தும் சக்கரம் வழுக்கவில்லை என்றாள். வரப்போரம் திரும்பும்போது ஒரு கல்கூடப் பெயரவில்லை, மேட்டில் முன்பக்கம் தூக்கவே இல்லை என்றாள். முந்திரிக்கு அடியில் குனிந்து போனதை, தோளில் தண்ணீர் விழுந்ததைச் சொன்னாள். மேல் துண்டில் வண்டியை நிறுத்தியதை, அங்கிருந்து அவர் எவ்வளவு சின்னதாகத் தெரிந்தார் என்பதைச் சொன்னாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டு வந்தது. அவள் குரலைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"இப்ப எறங்குறேன். கிளட்ச்ச மிதிக்கல. கியர்லயே விட்டுட்டேன்."

நடுத் துண்டுக்கு வரும்போது அடுத்த மூச்சு வரவில்லை. மடியில் இருந்த கையில் அது தெரிந்தது. பாதிச் சரிவில் எப்படி விடுவது? இரண்டாவது வரப்பைத் தாண்டி, கிணற்றடியைச் சுற்றி, வேப்பமரத்து நிழல்வரை சொல்லி முடித்து, பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பி நிறுத்தினாள். அப்புறம்தான் காவ்யாவைக் கூப்பிட்டாள்.

பிற்பகலில் எடுத்தார்கள். மேல் துண்டில் முந்திரிக்குப் பக்கத்தில் குழி தோண்டியாகியிருந்தது. காவ்யாதான் குடம் எடுத்தாள். உடையப்பன் ஏதோ சொல்ல வந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார். கொல்லைவரை கூடவந்த கலைமதியின் பக்கத்தில் அவர் வந்து நின்று, குத்தகை விஷயமெல்லாம் பதினாறாம் நாளுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

"குத்தக இல்ல மாமா. வண்டி எடுக்கிறேன்."

அவர் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, சரி என்பதுபோல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாடையின் பின்னால் போனார்.

குழிவரை பெண்கள் போகும் வழக்கமில்லை, குடம் எடுத்ததால் காவ்யா மட்டும் போனாள். கலைமதி கொல்லைப்புறக் கல்வரப்போடு நின்றுகொண்டாள். மழை ஈரத்தில் செம்மண் இளகியிருந்தது. முதல் மேட்டில் ஏறியதும் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பூக்கள் உருண்டன. தூக்கியவர்கள் தடுமாறி நின்றார்கள்.

"பள்ளத்துப் பக்கம் ஒசரமான ஆளா வாங்கப்பா, குட்டையா இருக்கவுக மேட்டுப் பக்கம் மாறுங்க" என்று உடையப்பன் கத்துவது கேட்டது.

ஒவ்வொருவராகத் தோள் மாற்றினார்கள். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சரிவு சரிவாகவே இருக்க, பாடை மட்டும் ஆடாமல், சாயாமல், தரைபோல மட்டமாக மேலே ஏறிப்போனது. முந்திரி இலைகளுக்குள் அது மறையும்வரை கலைமதி பார்த்துக்கொண்டே நின்றாள்.