மஸ்டரில் இல்லாத ஆள்

நெய்வேலியில் மஸ்டர் என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கான்ட்ராக்டருக்கு அது ஒரு நீள நோட்டு. ஆட்களுக்கு, காலையில் கூடி நிற்கிற தகரக் கொட்டகை. வீட்டுப் பெண்களுக்கு, அன்றைக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்பது, புருஷன் செருப்பைக் கழற்றும் முன்பே "மஸ்டர் வுழுந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். கம்மாபுரம் பக்கம் கல்யாணம் பேசப் போனால், பையனுக்கு மஸ்டரில் பேர் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கிறார்கள். ஒன்பது வருஷம் அந்த நோட்டை எழுதியவள் நான். அது வெறும் பெயர்ப் பட்டியல்தான் என்பது எனக்கு உறைத்தது போன நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு.

என் பெயர் கிறிஸ்டினா. சுரங்கத்திலிருந்து கரி ஏற்றிப் போகும் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற சேற்றையும் தூளையும் வாரிப் போட ஒரு கான்ட்ராக்ட் கூட்டம் உண்டு. மொத்தம் முப்பத்தொரு பேர். அவர்களுக்கு நான் டைம் கிளார்க். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவள். அந்தப் பெயர் எனக்கு வசதியாகத்தான் இருந்தது, யாரும் அருகில் வந்து கெஞ்ச மாட்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நானும் எல்லோரையும் போலத்தான். எங்களிடம் 'ஆள் விடுவது' என்று ஒரு வழக்கம். ஒருவனுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் விசேஷம் என்றால், தம்பியையோ மச்சினனையோ தன் அடையாள அட்டையைக் கொடுத்து அனுப்புவான். வந்தவன் அவன் பெயருக்குப் பதில் சொல்லி, அவன் வேலையைச் செய்துவிட்டுப் போவான். வருஷத்துக்கு இருநூற்று நாற்பது மஸ்டர் விழுந்தால்தான், நிரந்தர வேலைக்கு எடுக்கிற சீனியாரிட்டி லிஸ்டில் பெயர் நிற்கும். ஒரு வருஷம் விட்டுப் போனால் பத்து வருஷம் உழைத்ததும் தண்ணீரில் கரைத்த மாதிரி. அதனால் நாங்கள் எல்லோரும் பார்த்தும் பார்க்காமல் இருந்தோம்.

மஸ்டரில் பதினேழாவது பெயர் ஹாமித். பதினோராவது வருஷம் அவனுக்கு. அந்த வருஷத்துக்கு இன்னும் ஒன்பது மஸ்டர் குறைந்தது. அன்றைக்கு விடியற்காலையில் அவன் மனைவி மிஸ்ரியாவுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஆறு மணி ஷிப்டுக்கு ஹாமித் பெயரில் வந்து நின்றவன் மிஸ்ரியாவின் தம்பி ஆரிஃப். குறிஞ்சிப்பாடியில் செல்போன் கடை வைத்திருக்கிறவன், சுரங்கத்தை அதற்கு முன் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அட்டையில் இருந்த முகத்துக்கு மீசை, வந்த முகத்துக்குத் தாடி. விரல் வைக்கிற மிஷின் மழைக்காலம் வந்தாலே படுத்துக்கொள்ளும், அன்றும் படுத்துக் கிடந்தது.

"ஹாமித்" என்றேன்.

"உள்ளேன்" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

டிக் அடித்தேன்.

பதினோரு மணிக்குப் பெல்ட் நின்றது. இரவெல்லாம் பெய்த மழையில் சேறு அடைத்துக்கொண்டு உருளைகள் சுற்றவில்லை. ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கும் ஆட்கள் பிரிந்து போய் வார ஆரம்பித்தார்கள். இந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. வாரி முடித்ததும் முதல் சைரன். அதைக் கேட்டதும் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும். நான் மஸ்டரை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். எல்லாப் பெயருக்கும் குரல் வந்தால் கையெழுத்துப் போடுவேன். பிறகு இரண்டாவது சைரன். அது ஒரு நிமிஷம் ஊதி முடித்தால் பெல்ட் ஓடும். அடியில் யாராவது இருந்தால் உருளை இழுத்துக்கொள்ளும். வெளியே எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஷிப்ட் என்ஜினியர் சக்கரபாணி சாருக்கு எங்கள் ஆட்களின் முகம் தெரியாது. எண்ணிக்கை தெரியும். முப்பத்தொன்று.

பன்னிரண்டு இருபதுக்கு முதல் சைரன் அடித்தது. நீல பிளாஸ்டிக் கோட்டும் தொப்பியுமாக, மழைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து கொட்டகைக்குள் ஒண்டினார்கள். சக்கரபாணி சார் வாக்கிடாக்கியும் கையுமாகப் பரபரத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்களாம். சீக்கிரம் கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். பதினேழாவது பெயருக்கு "உள்ளேன்" என்று ஒரு கணீர்க் குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மீசை.

ஹாமித்தான் நின்றிருந்தான். குழந்தை பிறந்துவிட்டது, பெண். மச்சினனைத் தெரியாத வேலையில் தள்ளிவிட்டோமே என்று மனசு கேட்காமல், சாப்பாட்டுப் பொட்டலம் ஏற்றி வந்த டிராக்டரில் தொற்றிக்கொண்டு வந்திருக்கிறான். தெரிந்த முகம் என்று கேட்டில் விட்டுவிட்டார்கள். அட்டை ஆரிஃபிடம், முகம் ஹாமிதிடம். அன்றைக்கு இரண்டும் உள்ளே வந்துவிட்டன. இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்த நேரம் எனக்குத் தோன்றியது, பரவாயில்லை, பெயருக்கு உரியவனே வந்துவிட்டான் என்பதுதான். டிக் அடித்து அடுத்த பெயருக்குப் போனேன்.

முப்பத்தொரு பெயர், முப்பத்தொரு குரல். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். சக்கரபாணி சார் வாக்கிடாக்கியில் ஆள் சரி என்றார்.

பழக்கதோஷத்தில் நான் தலைகளையும் ஒரு தடவை எண்ணுவேன். எண்ணினேன். முப்பத்தொன்று. அப்போதுதான் உறைத்தது. முப்பத்தொன்று இருக்கக் கூடாது. ஹாமித் வந்துவிட்டான் என்றால் கொட்டகையில் முப்பத்திரண்டு தலை இருக்க வேண்டும்.

ஹாமிதைக் கோட்டோடு பிடித்து ஓரமாக இழுத்தேன். ஆரிஃப் எங்கே என்று கேட்டேன். அவன் முகம் அப்படியே வெளுத்தது. வெளியே போயிருப்பான் என்று நினைத்தானாம்.

"சைரன் அடிச்சா ஆபீசருங்க வருவாங்க, கண்ணுல படாம எங்கனா ஒதுங்கிக்கன்னு காலைல நான்தான் சொன்னேன்க்கா" என்றான்.

அவனை அறைந்திருப்பேன். நேரமில்லை. தானே போய்க் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லி, சாரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று ஹாமித் என் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு மழையில் ஓடினான். ஒன்றரை கிலோமீட்டர் சேறு.

நான் செய்தது என்னவென்று மறைக்காமல் சொல்கிறேன். உண்மையைச் சொல்லவில்லை. ஒரு பெயர் விட்டுப்போன மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை கூப்பிடுகிறேன் என்று சக்கரபாணி சாரிடம் பொய் சொன்னேன். ஹாமிதின் பதினோரு வருஷமும் என் ஒன்பது வருஷமும் தப்பித்துவிட வேண்டும், ஆரிஃபும் தப்பித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். சார் நோட்டைத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் டிக் இருக்கிறது, உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, அப்புறம் என்ன என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது சைரன் ஊத ஆரம்பித்தது.

"சார், ஓட்டாதீங்க. உள்ள ஆள் இருக்கு."

"யாரு? பேர் சொல்லும்மா."

"ஆரிஃப்."

அவர் மஸ்டரில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். அந்த விரல் நகர்ந்த வேகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சைரன் ஊதிக்கொண்டே இருந்தது.

"ஆரிஃப்னு இதுல யாருமே இல்லையே."

"இல்ல சார். மஸ்டர்ல இல்லாத ஆள்தான் உள்ள இருக்கான். நிறுத்துங்க."

கத்தவில்லை நான். அவர் என் முகத்தைப் பார்த்தார், வாக்கிடாக்கியை எடுத்தார். சைரன் பாதியில் அறுந்து நின்றது. அதற்குப் பிறகு தகரத்தின் மேல் மழை விழுகிற சத்தம் மட்டும்தான்.

பாவாடை என்ற எங்கள் மேஸ்திரி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். இருபது நிமிஷம் ஆயிற்று. நான் உட்காரவில்லை. கழுத்துச் சிலுவையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றேன். ஜீப் திரும்பியபோது பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் தலையிலிருந்து கால்வரை சேறு, தாடி எது சேறு எது என்று தெரியவில்லை. டெயில் எண்டில், கடைசி உருளைக்குக் கீழே பள்ளத்தில் குந்தியிருந்தானாம். முதல் சைரனுக்கு ஒதுங்கியவன், இரண்டாவது சைரன் கேட்டதும் இன்னும் உள்ளே நகர்ந்திருக்கிறான்.

ஹாமித் இறங்கியதும் என்னிடம்தான் வந்தான்.

"நான்தான் ஓடிக்கினு இருந்தேனேக்கா. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?"

வழியில் அவனை ஏற்றிக்கொண்ட இடத்தைப் பாவாடை சொன்னார். பாதி தூரம்கூட அவன் போயிருக்கவில்லை.

சக்கரபாணி சார் மஸ்டரை மறுபடி முதலிலிருந்து கூப்பிடச் சொன்னார். யார் பெயரில் யார் வந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லவில்லை. பதினேழுக்கு வந்தேன்.

"ஹாமித்."

"உள்ளேன்" என்றான் ஆரிஃப். காலையில் சொல்லிக் கொடுத்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு.

சார் அவனிடமிருந்து அட்டையை வாங்கினார். சேறு ஊறி, படத்தில் முகமே இல்லை. "அப்ப ஆரிஃப் யாரு?" என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்தது, எல்லோருக்கும் புரிந்திருக்கும். ஹாமித் 'நான்தான் ஆரிஃப்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அட்டையில்லாமல் நுழைந்த வெளியாள் என்று அவனைக் கேட்டுக்கு வெளியே விடுவார்கள், அவ்வளவுதான். பதினேழாவது பெயர் லிஸ்டில் பத்திரமாக இருக்கும். முப்பது பேரில் ஒருவன்கூடக் காட்டிக்கொடுக்க மாட்டான். சத்தியமாக நானும் மாட்டேன். சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் அவனை உந்தினேன்.

ஹாமித் மச்சினனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் ஹாமித் சார். இவன் என் பொண்டாட்டி தம்பி, ஆரிஃப்" என்றான். "இவன் அடியில போயிருந்தா, மஸ்டர்ல ஹாமித் உள்ளேன்னு இருந்திருக்கும். இவன் எங்கயுமே இருந்திருக்க மாட்டான் சார். தேடக்கூட ஆள் போயிருக்காது."

சார் பேனாவை என்னிடம் நீட்டினார். அச்சடித்த முப்பத்தொரு பெயருக்கும் கீழே, கையால் முப்பத்திரண்டு என்று எழுதி, ஆரிஃப் என்று எழுதினேன்.

"ஆரிஃப்" என்று கூப்பிட்டேன்.

அவன் ஹாமிதைப் பார்த்தான். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. ஹாமித் தலையசைத்தான்.

"உள்ளேன்."

"முப்பத்திரண்டு சார்" என்றேன். சைரன் ஊதியது. ஒரு நிமிஷம் கழித்துப் பெல்ட் ஓடியது.

வெள்ளிக்கிழமைக்குள் ஹாமித் பெயரையும் என் பெயரையும் எடுத்துவிட்டார்கள். அதற்காக யாரையும் திட்ட எனக்கு வாயில்லை. அட்டையைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டவள் நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, என் வீடு இருக்கிற இருபத்தோராம் வட்டத்துக்குள் நான் நுழையும்போது மிஸ்ரியா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். ஹாமித் எடுக்கவில்லையாம். அவளுக்கு எதுவும் தெரியாது. குழந்தை பின்னால் அழுதுகொண்டிருந்தது.

"மஸ்டர் வுழுந்துச்சாக்கா?" என்று கேட்டாள்.

"வுழலம்மா" என்றேன். "உன் தம்பி வந்துக்கினு இருக்கான்."

அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. சரிக்கா என்று வைத்துவிட்டாள்.